கேள்வி பதில்: மேட்டூர் அனலும் குமாரபாளையம் தறியும்

சென்ற இதழில் ஒரு வாசகர், "மேட்டூர் அனல் மின் நிலையத்துக் கரண்டெல்லாம் எங்கேதான் போகிறது?" என்று கேட்டிருந்தார். இடம் போதாமல், "சேலம், ஈரோடு, கோவை ஆலைகளுக்கு" என்று ஒற்றை வரியில் பதில் சொல்லித் தப்பித்துக்கொண்டேன். விட்டீர்களா? அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு வந்த கடிதங்களில் மேஜை நிறைந்துவிட்டது. அதனால் இந்த வாரம் சினிமா, அரசியல், முடி கொட்டுவது எல்லாவற்றுக்கும் லீவு. முழுக்க அனல்தான். பத்திரிகைக்கு வருவதற்கு முன்னால் சில வருஷம் ஒரு அனல் மின் நிலையத்தில் ஷிப்ட் பார்த்தவன் நான் என்பது பழைய வாசகர்களுக்குத் தெரியும் (மேட்டூர் இல்லை, வேறு இடம், பெயர் வேண்டாம்). கேள்விகளைக் கொஞ்சம் சுருக்கியிருக்கிறேன், கோபங்களை அப்படியே விட்டிருக்கிறேன்.

மேட்டூர் கரண்டுதான் எங்கள் மில்லை ஓட்டுகிறது என்றால், மேட்டூரில் ஒரு யூனிட் (ஒரு பாய்லர்-டர்பைன் செட்) நின்றால் எங்கள் மில்லும் நிற்க வேண்டுமே. இருபது வருஷமாக எலெக்ட்ரீஷியனாக இருக்கிறேன், அப்படி நின்று பார்த்ததில்லை. தப்பாக எழுதிவிட்டீர்கள்தானே?
*(நூற்பாலை ஊழியர், சிங்காநல்லூர்)*

பாதித் தப்பு, ஒப்புக்கொள்கிறேன்.

ஒரு கிணற்றில் ஐந்தாறு ஊற்று இருக்கிறது. மேலே நான்கு பேர் இறைக்கிறார்கள். என் வாளியில் வந்தது வடக்கு மூலை ஊற்றுத் தண்ணீரா, தெற்கு மூலையா என்று கேட்டால் என்ன சொல்வது? கிரிட் (எல்லா மின் நிலையங்களையும் இணைக்கும் கம்பி வலை) அப்படித்தான். மேட்டூர், தூத்துக்குடி, நெய்வேலி, கூடங்குளம், ஆரல்வாய்மொழிக் காற்றாலை எல்லாம் ஒரே கிணற்றில் ஊறுகின்றன. 2013 டிசம்பர் 31 அன்று தென் மாநிலங்களின் கிரிட்டை ராய்ச்சூர்-சோலாப்பூர் லைன் வழியாக வடக்கோடு இணைத்த பிறகு இந்தியா முழுக்க ஒரே கிணறு. (அதற்கு முந்தைய வருஷம், 2012 ஜூலை கடைசியில் இரண்டு நாள் வட இந்தியா இருண்டு கிடந்தபோது நாம் தப்பித்தது அந்த இணைப்பு அப்போது இல்லாததால்தான். இங்கே அப்போது இருந்த இருட்டு நம் சொந்த இருட்டு.)

இந்தக் கிரிட்டில் இருக்கும் அனல் நிலைய டர்பைன்கள் எல்லாமே நிமிஷத்துக்கு 3,000 சுற்று என்று ஒரே தாளத்தில் சுற்றுகின்றன. மேட்டூரில் 210 மெகாவாட் யூனிட் ஒன்று டிரிப் ஆகி நின்றால் அந்தத் தாளம் ஒரு மயிரிழை தளரும், உடனே மற்ற இயந்திரங்கள் தோள் கொடுக்கும். உங்கள் மில்லில் ஒரு ஸ்பிண்டில்கூட நிற்காது.

மீதிப் பாதி ஏன் சரி என்றால், மின்சாரம் போகிற வழியில் முதலில் கிடைக்கிற ஆலை, வீடுகளில்தான் பெரும்பாலும் செலவாகும். கொங்கு மண்டலத்தில் மோட்டார்கள் அதிகம், அவை இழுக்கிற இழுப்பில் வோல்டேஜ் தொங்கிப்போகாமல் தாங்குவதற்குப் பக்கத்தில் ஒரு பெரிய நிலையம் இருப்பது பெரிய உதவி. ஆனால் "இது மேட்டூர் கரண்டு" என்று யாரும் முத்திரை குத்தி அனுப்புவதில்லை. கரண்டுக்கு ஊர் கிடையாது. சாம்பலுக்கு ஊர் உண்டு, அந்தக் கேள்வியும் வந்திருக்கிறது, வருகிறேன்.

என் ஒரு தறி ஓடுவதற்கு எவ்வளவு கரி எரிகிறது? விளையாட்டாகக் கேட்கவில்லை.
*(விசைத்தறிக்காரர், குமாரபாளையம்)*

இந்தக் கேள்விக்காகவே உங்களுக்கு ஒரு டீ வாங்கித் தரலாம். கணக்குப் போடுவோம். தறி மோட்டார் ஒரு ஹெச்.பி. என்று வைத்துக்கொண்டால் முழு இழுப்பில் மணிக்கு முக்கால் யூனிட் (மீட்டரில் ஓடுகிற யூனிட்). மேட்டூருக்கு வரும் ஒடிசா தால்ச்சர் கரியில் ஒரு யூனிட் எடுக்க ஏறக்குறைய முக்கால் கிலோ கரி வேண்டும். ஆக மணிக்கு அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் மேல்.

நகைக்கடை மாதிரி இதிலும் செய்கூலி, சேதாரம் உண்டு. செய்கூலி என்பது மின் நிலையம் தனக்கே எடுத்துக்கொள்வது. கரியை அரைக்கும் மில், ராட்சச ஃபேன்கள், பாய்லருக்குத் தண்ணீர் தள்ளும் பம்ப் எல்லாம் அங்கே உண்டாகும் கரண்டிலேயே ஓடுகின்றன, நூற்றுக்கு எட்டு ஒன்பது யூனிட் அங்கேயே காலி. சேதாரம் என்பது கம்பியிலும் டிரான்ஸ்ஃபார்மரிலும் சூடாகிப் போவது. இரண்டையும் சேர்த்தால் உங்கள் தறிக்கு மணிக்கு முக்கால் கிலோவை நெருங்கும். பன்னிரண்டு மணி நேர ஷிப்டுக்கு எட்டு ஒன்பது கிலோ. தறிப்பட்டறை மூலையில் தினமும் தறிக்கு ஒரு சின்னச் சாக்கு கரி வந்து இறங்குவதாக நினைத்துப் பாருங்கள்.

2023 முதல் விசைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு 1,000 யூனிட் இலவசம். அத்தனையும் கரியிலிருந்து வருவதாக வைத்தால் அது முக்கால் டன்னுக்கு மேல் கரி. இலவசத்தைக் குறை சொல்லவில்லை. 2012-இல் ஒரு நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரம் கரண்டு இல்லாமல், பாவு ஏற்றிய தறி அப்படியே நிற்க, வாசலில் உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்த உங்கள் ஊர்க்காரர்களை நேரில் பார்த்தவன் நான்.

அணை இருக்கிறது, தண்ணீரிலேயே கரண்டு எடுக்கிறார்கள். அப்புறம் எதற்கு அதே ஊரில் கரியும்? யார் யோசனை இது?
*(ஓய்வுபெற்ற ஆசிரியை, ஓமலூர்)*

அணைக் கரண்டு தண்ணீர் திறந்தால்தான். பாசனத்துக்குத் திறக்கும்போது டர்பைன் சுற்றும், மூடிவிட்டால் நின்றுவிடும். அணையடியிலும் சுரங்கத்திலும் இருக்கும் இரண்டு நீர் மின் நிலையங்களும் சேர்ந்தாலே 250 மெகாவாட்தான். ஆலைக்காரன் ஆடி மாதம் வரை காத்திருப்பானா?

கொங்கு நாட்டுக் கதையே கரண்டைத் துரத்திப் போன கதைதானே. 1932-இல் பைக்காராவில் எடுத்த நீர் மின்சாரம் கோவைக்கு இறங்கியது, பஞ்சாலைகள் முளைத்தன. 1934-இல் மேட்டூர் அணை முடிந்தது, அடுத்த சில வருஷத்தில் அணையடியில் மின்சாரம், கூடவே ரசாயனத் தொழில். 1960-களில் அலுமினியம். காஸ்டிக் சோடாவும் அலுமினியமும் மின்சாரத்தைத் தின்று வளர்கிற தொழில்கள், ஒரு கிலோ அலுமினியத்துக்கு 14, 15 யூனிட் போகும். அந்த ஆலைகள் மேட்டூரில் வந்து உட்கார்ந்ததற்கு அணைக் கரண்டு ஒரு முக்கியக் காரணம். (ஏற்காடு, கொல்லிமலை பாக்சைட்டை நம்பி ஆரம்பித்த அந்த அலுமினிய ஆலையின் உருக்கும் பகுதி 2008-இல் நின்றுபோனது தனிக் கதை.)

இப்படி மில், தறி, இரும்பு, ரசாயனம் என்று பசி ஏறிக்கொண்டே போனபோது, அனல் மின் நிலையத்துக்குத் தேவையான மூன்றும் மேட்டூரில் ஏற்கெனவே இருந்தன: காவிரித் தண்ணீர், அணை கட்டின காலத்திலேயே வந்து சேர்ந்த ரயில், நாலா பக்கமும் போகிற மின் கம்பிகள். 1987 ஜனவரியில் முதல் 210 மெகாவாட் யூனிட், 1990-க்குள் நான்கும். 2013-இல் பக்கத்திலேயே 600 மெகாவாட்டில் ஐந்தாவது. மொத்தம் 1,440. இல்லாத ஒன்றே ஒன்று கரி.

அந்தக் கரியைத்தான் கேட்கிறேன். ஒடிசாவில் தோண்டி, ரயிலில் ஏற்றி, கப்பலில் ஏற்றி, திரும்ப ரயிலில் ஏற்றி மேட்டூருக்குக் கொண்டுவருவதற்குப் பதில், அங்கேயே எரித்துக் கம்பியில் கரண்டை அனுப்பினால் என்ன? பெரிய பெரிய இன்ஜினீயர்களுக்கு இது தோன்றவில்லையா?
*(லாரி உரிமையாளர், சங்ககிரி)*

போக்குவரத்துத் தொழில் பார்ப்பவர் கேட்க வேண்டிய கேள்விதான். தோன்றியது, செய்தும் விட்டார்கள், ஆனால் கொஞ்சம் லேட்.

முதலில் பயணத்தைப் பாருங்கள். தால்ச்சர் சுரங்கத்திலிருந்து பாரதீப் துறைமுகத்துக்கு ரயில். அங்கே கப்பலில் ஏறி வங்கக் கடல் வழியாக எண்ணூர். 2001-இல் எண்ணூர் துறைமுகத்தைத் திறந்ததே முக்கியமாக நம் மின்வாரியத்தின் கரிக்காகத்தான். அங்கிருந்து திரும்ப ரயில், ஜோலார்பேட்டை, சேலம், ஓமலூர் என்று முந்நூற்றைம்பது கிலோமீட்டருக்கு மேல். ஏற்றி இறக்கி, ஏற்றி இறக்கி. ஒவ்வொரு இறக்கத்திலும் கொஞ்சம் தூள் பறக்கும், கொஞ்சம் மழையில் நனையும், கொஞ்சம் எங்கே போனது என்று தணிக்கைக்காரர் கேட்பார்.

இதில் என் வயிறு எரிகிற இடம் வேறு. தால்ச்சர் கரியில் நூற்றுக்கு முப்பத்தைந்து, நாற்பது பங்கு சாம்பல். எரியாத மண். ஐந்து யூனிட்டும் முழு லோடில் ஓடினால் ஒரு நாளைக்கு 24,000, 25,000 டன் கரி வேண்டும். ஒரு சரக்கு ரயிலில் 58, 59 பெட்டி, மொத்தம் 4,000 டன்னுக்குள். ஆக நாளைக்கு ஆறு ரயில். அந்த ஆறில் இரண்டு ரயில் வெறும் சாம்பல்! ஒடிசாவின் மண்ணைக் கப்பல் வாடகை, ரயில் வாடகை கொடுத்து மேட்டூருக்கு அழைத்து வந்துகொண்டிருக்கிறோம். சாம்பல் 34 சதவீதத்துக்கு மேல் இருந்தால் கரியை ரொம்ப தூரம் கொண்டுபோகக் கூடாது, கழுவித்தான் அனுப்ப வேண்டும் என்று ஒரு விதி இருந்தது. 2020 மே மாதம், ஊரே கொரோனாவுக்குப் பயந்து வீட்டுக்குள் இருந்தபோது, அதையும் எடுத்துவிட்டார்கள்.

கம்பி விஷயத்துக்கு வருகிறேன். 2003-இலேயே தால்ச்சரிலிருந்து கர்நாடகத்தின் கோலாருக்கு 1,370 கிலோமீட்டர் நீளத்துக்கு நேர்மின்சார லைன் போட்டு 2,000 மெகாவாட் தெற்கே அனுப்ப ஆரம்பித்தார்கள். அதாவது தால்ச்சர் கரி ரயிலிலும் கப்பலிலும் வருகிறது, தால்ச்சர் கரண்டு கம்பியிலும் வருகிறது. 2021-க்குள் சத்தீஸ்கர் ராய்கரிலிருந்து நம் புகளூர் வரை 800 கிலோவோல்ட்டில், 6,000 மெகாவாட் தாங்கும் லைன் முடிந்துவிட்டது. நாலு மேட்டூருக்குச் சமம், கொங்கு நாட்டுக்குள்ளேயே வந்து இறங்குகிறது. 1980-களில் இவ்வளவு தூரம் கம்பியில் கொண்டுவரும் வித்தை நம்மிடம் இல்லை, அதனால் கரியைக் கொண்டுவந்தார்கள். இன்று புதிதாகக் கட்டுவதாக இருந்தால் மேட்டூரைத் தேர்ந்தெடுப்பார்களா என்று கேட்டால், மாட்டார்கள் என்பது என் எண்ணம்.

ஆனால் கம்பி சும்மா வருவதில்லை. அந்த ராய்கர் லைனுக்கு டவர் நட வந்தபோது ஈரோடு, திருப்பூர் மாவட்ட விவசாயிகள் வயலில் உட்கார்ந்து போராடினார்கள், ஞாபகமிருக்கும். தென்னந்தோப்புக்கு நடுவே டவர் வந்தவரிடம் போய் இந்தக் கணக்கைச் சொன்னால் அடிக்க வருவார், வரட்டும், நியாயம்தான்.

கூம்பு மாதிரி இருக்கும் கோபுரங்களிலிருந்து வெள்ளையாகப் புகை குபுகுபுவென்று வருகிறதே, அதைச் சுவாசித்தால் ஆபத்தா?
*(கல்லூரி மாணவி, மேச்சேரி)*

இடுப்பு சிறுத்த அந்தக் கோபுரங்களில் வருவது புகை இல்லை, நீராவி. சூடான தண்ணீரை ஆற்றுகிற டம்ளர் அது. ஒல்லியாக உயரமாக நிற்கும் சிமினியில்தான் புகையும் நுண்ணிய தூசியும் போகும், அது நல்ல நிலையில் இருந்தால் கண்ணுக்கே சரியாகத் தெரியாது. கண்ணுக்குத் தெரிவது சாது, தெரியாதது வில்லன்.

தூசிதான் வில்லன் என்றால் எங்கள் வீட்டு மொட்டைமாடிக்கு வந்து பாருங்கள். வெள்ளை வேட்டியைக் காயப்போட்டால் சாம்பல் நிறத்தில் எடுக்க வேண்டியிருக்கிறது. ராத்திரியில் திறந்துவிடுகிறார்கள் என்று எங்கள் தெருவில் எல்லோரும் சொல்கிறார்கள். உண்மையா?
*(இல்லத்தரசி, ஒரு அனல் மின் நிலையத்துக்குப் பக்கத்து ஊர், பெயர் வேண்டாம் என்றார்)*

"திறந்துவிட" அங்கே கதவு எதுவும் இல்லை அம்மா, ஆனால் உங்கள் தெருக்காரர்கள் சொல்வதில் விஷயம் இருக்கிறது. பாய்லரிலிருந்து வரும் புகை சிமினிக்குப் போகும் முன் பெரிய பெரிய தகடுகளுக்கு நடுவே போகும். தகடுகளுக்கு இடையே தொங்கும் கம்பிகளில் உயர் மின்னழுத்தம் இருக்கும். தலைமுடியில் தேய்த்த சீப்பு காகிதத்தை இழுப்பது போல தகடுகள் சாம்பலை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கு மேல் பிடிக்கும் என்பது டிசைன். ஆனால் நின்ற யூனிட்டைத் திரும்பக் கிளப்பும்போது முதல் சில மணி நேரம் எண்ணெய் ஊற்றி எரிப்பார்கள், எண்ணெய்ப் பிசுக்கு படிந்துவிடும் என்று தகடுகளை அப்போது முழுசாக இயக்கமாட்டார்கள். அந்த நேரம் உங்கள் வேட்டிக்கு ஆகாது. அது போக, தகடுகளில் ஒன்றிரண்டு வரிசை பழுதாகிக் கிடந்தாலும் லோடு குறையக் கூடாது என்று ஓட்டுகிற பழக்கம் உண்டு. நான் வேலை பார்த்த இடத்தில் இது நடந்தது, லாக் புக்கில் என் கையாலேயே எழுதியிருக்கிறேன். சாம்பலைத் தண்ணீரில் கரைத்துத் தேக்கும் குளம் கோடையில் காய்ந்து காற்றடித்தாலும் இதே கதிதான்.

ஒரு உள்ளங்கைச் சாம்பலை எடுத்துத் தேய்த்துப் பார்த்திருக்கிறீர்களா? மண் மாதிரி கரகரப்பாக இருக்காது, டால்கம் பவுடர் மாதிரி வழுக்கும். பூதக்கண்ணாடியை விடப் பெரிய நுண்ணோக்கியில் பார்த்தால் குட்டிக் குட்டிக் கண்ணாடி உருண்டைகள். இந்த உருண்டைக் குணத்தால்தான் சிமெண்டுக்கு அது பிடித்துப்போயிற்று. உங்கள் வீட்டில் சிமெண்ட் மூட்டை கிடந்தால் பாருங்கள், பி.பி.சி. (சாம்பல் கலந்த சிமெண்ட் வகை) என்று போட்டு, எத்தனை சதவீதம் ஃபிளை ஆஷ் (இந்தச் சாம்பல்தான்) என்றும் அச்சடித்திருப்பார்கள். 15 முதல் 35 வரை இருக்கலாம். சாம்பல் கல் சூளைகள் வேறு (சூளை என்பது பழக்கதோஷம், அந்தக் கல்லைச் சுடுவதே இல்லை, அழுத்தித் தண்ணீர் தெளித்துக் காயவைப்பதுதான்). ஒரு காலத்தில் "யாராவது அள்ளிக்கொண்டு போனால் போதும்" என்று கிடந்த சாம்பலுக்கு இன்று டேங்கர் லாரிகள் வரிசையில் நிற்கின்றன. ஆனால் தண்ணீரில் கரைத்துக் குளத்துக்கு அனுப்பிய பழைய சாம்பலுக்கு அந்த மவுசு இல்லை. அது அந்த ஊரிலேயே கிடக்கிறது. கோவை மில்லுக்குக் கரண்டு போய்விட்டது, திருப்பூர் பனியன் அமெரிக்காவுக்கே போய்விட்டது, சாம்பல் மட்டும் உங்கள் மொட்டைமாடியில்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். கந்தக வாயுவைப் பிடிக்கும் கருவி வைக்க வேண்டும் என்று 2015 டிசம்பரில் மத்திய அரசு விதி போட்டது. கெடு தள்ளித் தள்ளிப் போய், 2025 ஜூலையில் பெரும்பாலான நிலையங்களுக்கு அது வேண்டாம் என்றே சொல்லிவிட்டார்கள். நம் கரியில் கந்தகம் கம்மி என்பது அவர்கள் வாதம். கம்மிதான். ஆனால் எரிக்கிற அளவு கம்மி இல்லையே.

காவிரியில் எங்களுக்கே தண்ணீர் இல்லை. அனல் நிலையம் எவ்வளவு குடிக்கிறது?
*(விவசாயி, திருத்துறைப்பூண்டி)*

மத்திய சுற்றுச்சூழல் அமைச்சக விதிப்படி, குளிர்விக்கும் கோபுரம் உள்ள பழைய நிலையம் ஆயிரம் யூனிட்டுக்கு மூன்றரை கன மீட்டர் வரை எடுக்கலாம், அதாவது ஒரு யூனிட்டுக்கு மூன்றரை லிட்டர். 1,440 மெகாவாட்டும் வருஷம் முழுக்க நிற்காமல் ஓடினால் ஒன்றரை டி.எம்.சி. வரும். எப்போதும் அப்படி ஓடாது என்பதால் நிஜத்தில் இன்னும் குறையும். அணையின் கொள்ளளவு 93.47 டி.எம்.சி. அதனால் உங்கள் குறுவையை அனல் நிலையம் குடித்துவிட்டது என்று சொல்ல முடியாது. ஆனால் அணையில் தண்ணீர் அடிமட்டத்துக்குப் போன வருஷங்களில் அந்த ஒன்றரை பெரிய எண்ணாகத்தான் தெரியும்.

உள்ளே நெருப்பு எப்படி இருக்கும்? பழைய ரயில் இன்ஜின் மாதிரி கரியை அள்ளிப் போட்டுக்கொண்டே இருப்பார்களா?
*(9-ம் வகுப்பு மாணவன், பவானி)*

தம்பி, நீ கேட்டது எனக்குப் பிடித்த கேள்வி.

ரயிலில் வந்த கரிப் பெட்டியை வேகன் டிப்ளர் என்கிற இயந்திரம் அப்படியே பிடித்துத் தலைகுப்புறக் கவிழ்க்கும், 60 டன்னை நாம் டப்பாவைக் கவிழ்த்துக் கடலை கொட்டுகிற மாதிரி. அங்கிருந்து பெல்ட்டில் ஏறி, நொறுங்கி, பாய்லருக்குப் பக்கத்தில் பங்கர் என்கிற தொட்டியில் விழும். அதற்குக் கீழே இருக்கும் மில்லில் அரைபட்டு, அம்மா முகத்துக்குப் போடும் பவுடர் மாதிரி ஆகிவிடும். அந்தப் பவுடரைச் சூடான காற்றோடு சேர்த்து நான்கு மூலையிலிருந்தும் உள்ளே ஊதுவார்கள். நான்கு மூலைக் காற்றும் சேர்ந்து சுழலும், நடுவில் ஒரு நெருப்புப் பந்து சுற்றிக்கொண்டே இருக்கும். அள்ளிப் போடும் வேலையே இல்லை.

பாய்லர் சுவரில் உள்ளங்கை அளவு ஒரு ஜன்னல் இருக்கும். நீலக் கண்ணாடியைக் கண்ணில் வைத்துக்கொண்டுதான் பார்க்க வேண்டும். முதல் தடவை நான் பார்த்தபோது தீ என்று எதையும் பார்த்த ஞாபகம் இல்லை, ஒரு வெளிச்சம் கொதிப்பது போல இருந்தது. நெருப்பு வெளியே பாயும் என்று பயந்து பின்வாங்கினேன். கூட இருந்த பாய்லர் ஆபரேட்டர் அண்ணன் சிரித்துவிட்டு, பாக்கெட்டிலிருந்து ஒரு பஸ் டிக்கெட்டை எடுத்து ஜன்னல் ஓரத்தில் நீட்டினார். டிக்கெட் வெளியே பறக்கவில்லை, சர்ரென்று உள்ளே போய்விட்டது. உள்ளே காற்றழுத்தம் வெளியை விட எப்போதும் ஒரு துளி குறைவாகவே வைத்திருப்பார்கள், அதனால் நெருப்பு வெளியே வராது, வெளிக்காற்றுதான் உள்ளே போகும்.

இன்னொரு வேடிக்கை, அவ்வளவு பெரிய பாய்லர் தரையில் உட்கார்ந்திருக்காது. மேலே இரும்புச் சட்டத்திலிருந்து தூளி மாதிரி தொங்கும். சூடானால் கீழ்ப்பக்கமாக ஏறக்குறைய ஒரு சாண் நீளும், ஆறினால் சுருங்கும். தரையில் ஊன்றி வைத்திருந்தால் வெடித்திருக்கும்.

பகலில் வெயில் கரண்டு இருக்கிறது, ஆடியில் காற்றுக் கரண்டு இருக்கிறது. அப்போதெல்லாம் கரி நிலையத்தை நிறுத்திவிட்டுச் சாயங்காலம் ஆன் செய்தால் என்ன?
*(பனியன் கம்பெனி மேலாளர், திருப்பூர்)*

டியூப் லைட் இல்லை சார். முழுசாகக் குளிர்ந்துபோன யூனிட்டைக் கிளப்பிக் கிரிட்டோடு சேர்க்க ஏழெட்டு மணி நேரமாவது ஆகும். நிறுத்தினாலும் டர்பைனைத் தூங்கவிட முடியாது. சூடான ரோட்டரை (டர்பைனின் சுழலும் தண்டு) அசையாமல் விட்டால் தன் எடையிலேயே வளைந்துவிடும், அதனால் ஒரு சின்ன மோட்டாரை மாட்டி மணிக்கணக்காக மெதுவாகச் சுற்றிக்கொண்டே இருப்பார்கள். கல்லில் போட்ட சப்பாத்தியைத் திருப்பிக்கொண்டே இருப்பது போல.

அதனால் நிறுத்தாமல் அடக்கி ஓட்டுகிறார்கள். மத்தியானம் சோலார் ஏறும்போது கரி யூனிட்டை 55 சதவீதத்துக்கு இறக்கு, ஆறு மணிக்கு வெயில் போனதும் ஏற்று என்பதுதான் இன்றைய உத்தரவு. 2024 மே 2 அன்று தமிழ்நாட்டின் தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. மத்தியானத் தேவையைச் சூரியன் தாங்கிவிடுவான், ராத்திரி ஏ.சி.க்கு அவன் பொறுப்பில்லை. அந்த இடைவெளிக்குத்தான் இந்தக் கிழட்டு யூனிட்டுகளை இன்னும் வைத்திருக்கிறார்கள். மேட்டூரின் முதல் நான்கும் முப்பத்தைந்து வயதைத் தாண்டியவை. ஒரே சூட்டில் நாள் முழுக்க ஓடுவதற்காகச் செய்த இயந்திரத்தைத் தினமும் ஏற்றி இறக்கினால் பாய்லர் குழாய்கள் சோர்ந்து ஓட்டை விழும். பாட்டியை தினமும் மலைக்கோட்டை ஏறச் சொல்கிற மாதிரி. ஏறுவார், மூட்டு போகும்.

பேட்டரியும், தண்ணீரை மேலேற்றி வைத்து ராத்திரி இறக்கும் நீரேற்று நிலையங்களும் பெருகினால் இந்தத் தேவை குறையும். அதுவரை உங்கள் நைட் ஷிப்டுக்குக் கரிதான்.

முக்கால் கிலோ கரியை எரித்தால் ஒரு கிலோ கரியமில வாயு வரும் என்று எங்கள் புத்தகத்தில் போட்டிருக்கிறது. போட்டதை விட அதிகமாக எப்படி வரும்? அச்சுப் பிழையா?
*(பிளஸ் டூ மாணவி, ஈரோடு)*

பிழை இல்லை. கரியில் இருக்கும் கார்பன் காற்றிலிருந்து ஆக்சிஜனை இழுத்துச் சேர்த்துக்கொள்கிறது. 12 கிராம் கார்பன் 44 கிராம் வாயுவாகும். எடையில் பெரும்பங்கு காற்றுடையது. சூடு நமக்கு, எடை வானத்துக்கு.

அனல் நிலைய ஒப்பந்தத் தொழிலாளி நான். கரண்டு, கரி, சாம்பல் என்று எல்லாவற்றையும் பற்றி எழுதுவீர்கள், எங்களைப் பற்றி யாரும் கேட்க மாட்டார்கள். அதனால் நானே கேட்டுவிடுகிறேன்: எங்களைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள்?
*(ஊர் பெயர் போடவில்லை)*

2024 டிசம்பரில் மேட்டூரில் கரி பங்கர் சரிந்து இரண்டு ஒப்பந்தத் தொழிலாளர்கள் இறந்தார்கள். செய்தி இரண்டு நாள் வந்தது. மேலே பவானித் தம்பிக்கு நான் ஜாலியாக விளக்கினேனே, அதே பங்கர்தான்.

கண்ட்ரோல் ரூமில் ஏ.சி. இருக்கும், எங்களுக்குப் பிஸ்கட் வரும். கரி ஒட்டிக்கொண்ட சறுக்குக் குழாயைச் சுத்தியலால் தட்டுவது, பெல்ட்டுக்கடியில் சிந்தினதை அள்ளுவது, சாம்பல் விழும் தொட்டி அடைத்துக்கொண்டால் கம்பியைவிட்டுக் குத்துவது எல்லாம் ஒப்பந்தக்காரர் ஆட்கள். மழைக்காலத்தில் ஈரக் கரி களி மாதிரி அடைத்துக்கொள்ளும், அப்போது ராத்திரி பூரா அந்தத் தட்டுகிற சத்தம் கேட்கும். சத்தம் நின்றால் உற்பத்தி விழும். நான் எட்டு மணி நேரம் பட்டன் பார்த்தேன், யூனிட்டை ஓட்டியது அந்தச் சத்தம். உங்கள் பெயரை அன்றைக்கு லாக் புக்கில் எழுத இடம் இல்லை, "கோல் ஃப்ளோ ரெஸ்டோர்டு" (கரி ஓட்டம் சரியாயிற்று) என்று மட்டும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அது இன்னும் உறுத்துகிறது.

குடும்பத்தோடு மேட்டூர் போகிறோம். அனல் மின் நிலையத்தை உள்ளே போய்ப் பார்க்க விடுவார்களா?
*(வாசகி, நாமக்கல்)*

சும்மா போனால் கேட்டிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். கல்லூரி மாணவர்களைத்தான் முன்கூட்டி அனுமதி வாங்கிக் கூட்டமாக அழைத்துப் போவார்கள். வெளியே ரோட்டிலிருந்தே கோபுரங்கள் தெரியும், கரி ரயில் கிராஸிங்கில் மாட்டிக்கொண்டால் பிள்ளைகளைப் பெட்டி எண்ணச் சொல்லுங்கள், 58-ஆ 59-ஆ என்று எழுதி அனுப்புங்கள். அப்புறம் நேரே அணைப் பூங்காவுக்குப் போய் மீன் வறுவல் சாப்பிடுங்கள். முள் பார்த்து.